ஸ்பெக்ட்ரம் கணினியைப் புதிய டிவியில் பார்க்க: ஏவி வெளியீடு செய்யும் முறை

1982-ல் பிரிட்டனில் வந்த ஸின்கிளேர் ஸ்பெக்ட்ரத்தை இன்றைய டிவியில் மாட்டினால் படம் பொரிந்து தெரியும். சில டிவிகளில் வரவே வராது. கணினி மேல் குற்றமில்லை, அது உருவாக்கும் படம் நல்ல படம்தான். அன்றைய வீட்டு டிவிகளில் பெரும்பாலும் ஆன்டெனா சாக்கெட் மட்டுமே இருந்தது. அதனால் மாடுலேட்டர் என்ற தகர டப்பா, படத்தை யுஎச்எஃப் என்ற டிவி ஒளிபரப்பு அலைவரிசையின் 36-ஆம் சேனலில் ஏற்றி அனுப்புகிறது. டிவி அதை மறுபடி இறக்குகிறது. இந்த ஏற்றி இறக்குவதில்தான் படம் கெடுகிறது. டப்பாவை ஒதுக்கிவிட்டுப் படத்தை நேரே அனுப்புவோம்.

தேவை: சால்டரிங் அயன், மல்டிமீட்டர், 100 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கெபாசிட்டர் ஒன்று.

1. பவரை எடுத்துவிட்டு அடியிலுள்ள ஐந்து ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். மேல் மூடியை வெடுக்கென்று தூக்காதீர்கள். கீபோர்டிலிருந்து வரும் இரண்டு பிளாஸ்டிக் பட்டைகளும் நாற்பது வருடத்தில் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும், மடங்கினால் முறிந்துவிடும். பட்டைகளை அவற்றின் சாக்கெட்டிலிருந்து நேராக மேல்நோக்கி மெதுவாக இழுத்து எடுங்கள்.

2. டப்பாவின் பக்கவாட்டில் இரண்டு கம்பிகள் நுழையும். பவர் கொடுத்து அளந்து பாருங்கள். அசையாமல் 5 வோல்ட் காட்டுவது மின்சாரம், மற்றது வீடியோ. அளக்கும்போது மீட்டர் முனை இரண்டு கம்பிகளையும் ஒரே நேரத்தில் தொட்டுவிடக் கூடாது.

3. பவரை எடுத்துவிட்டு இரண்டு கம்பிகளையும் டப்பாவிலிருந்து சால்டர் இளக்கிப் பிரியுங்கள். 5 வோல்ட் கம்பியின் முனையில் டேப் சுற்றிவிடுங்கள்.

4. டப்பாவின் மூடியைத் திறங்கள். டிவி சாக்கெட்டின் நடு ஊசியில் ஒரு சின்ன ரெசிஸ்டரின் கால் ஒட்டியிருக்கும். வெட்ட வேண்டாம், இளக்கி ஓரமாக வளைத்து வையுங்கள். பிறகு யாராவது பழைய நிலைக்கு மாற்ற நினைத்தால் வழி இருக்கட்டும்.

5. கெபாசிட்டரின் பிளஸ் காலை வீடியோ கம்பியிலும், மைனஸ் காலை நடு ஊசியிலும் ஒட்டுங்கள். கால்கள் தகரத்தில் படாமல் ஸ்லீவ் (மின்சாரம் கடத்தாத சின்னக் குழாய்) போடுவது அவசியம். வீடியோவோடு சேர்ந்து வரும் டிசி மின்னழுத்தத்தைக் கெபாசிட்டர் தடுத்து, படத்தை மட்டும் விடும்.

சரி, அதே சாக்கெட்டிலிருந்து டிவியின் மஞ்சள் ஏவி சாக்கெட்டுக்கு வயர் கொடுங்கள். வெள்ளைத் திரையின் அடியில் 1982 என்ற வருடத்தோடு கம்பெனி பெயர் கூர்மையாகத் தெரிய வேண்டும். வண்ணங்களின் ஓரத்தில் புள்ளிகள் ஊர்ந்தால் உங்கள் சால்டரைச் சந்தேகிக்காதீர்கள். வண்ணமும் வெளிச்சமும் ஒரே கம்பியில் போவதால் வருவது அது.