கார் இல்லாமல் மதுரை: ஜோடியாகப் போய்வர ஒரு வார இறுதித் திட்டம்

சொந்தக் கார் இல்லாத தம்பதிக்கு வார இறுதிப் பயணம் என்றால் உடனே மகாபலிபுரம், இல்லாவிட்டால் பாண்டிச்சேரி என்று சொல்லிவிடுவார்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது மதுரை. வெள்ளி இரவு ரயில் ஏறினால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் முழுதாகக் கையில் இருக்கும். திங்கள் காலை வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு ஆபீஸ் போகலாம். ரயில் நிலையமே மேலவெளி வீதியில் இருப்பதால், இறங்கியதும் டாக்ஸி பேரம் எதுவும் இல்லாமல் ஊருக்குள் நடந்தே போய்விடலாம்.

நானும் என் கணவரும் இப்படித்தான் போகிறோம். ஐஆர்சிடிசி கணக்கு தொடங்குவது, டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடங்களைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

படி 1: எந்த வாரம்?

சித்திரைத் திருவிழா சமயத்தில் ரூம் கிடைப்பது கஷ்டம். திருவிழா பார்க்கவே போகிறீர்கள் என்றால் அது வேறு கணக்கு. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போகும் பக்தர்கள் கூட்டம் மீனாட்சியம்மன் கோயிலில் அதிகம். பெரிய முகூர்த்த நாள் சனி, ஞாயிறில் விழுகிறதா என்று காலண்டரில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி எந்த வாரமும் நல்ல வாரமே. வெயில் தாங்காதவர்கள் ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 2: ரயில் டிக்கெட், முக்கியமாகத் திரும்பி வருவது

போவதற்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸ். எழும்பூரில் இரவு கிளம்பி விடியற்காலையில் மதுரை சேரும். திரும்பி வரவும் அதே ரயில்: ஞாயிறு இரவு ஏறினால் திங்கள் விடியலில் சென்னை.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது (2024 அக்டோபர் வரை 120 நாளாக இருந்தது). பயண நாளை அந்த அறுபதில் சேர்க்கக் கூடாது. காலை 8 மணிக்குத் திறக்கும். வெள்ளிக்கிழமை டிக்கெட்டும் ஞாயிற்றுக்கிழமை டிக்கெட்டும் ஒரே நாளில் திறக்காது, ஞாயிறுக்கான டிக்கெட் இரண்டு நாள் கழித்துத்தான் வரும். போகும் டிக்கெட்டை எடுத்த சந்தோஷத்தில் அந்த இரண்டாவது காலையை விட்டுவிட்டால் வெயிட்டிங் லிஸ்ட்தான். தென் மாவட்டங்களில் இருந்து சென்னைக்கு ஞாயிறு இரவு வரும் ரயில்களில் எப்போதும் அடிதடி. அதனால் போனில் இரண்டு அலாரம் வைத்துவிடுங்கள். ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் இணைப்பையும் முன்கூட்டியே முடித்து வையுங்கள், அது இல்லாமல் ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியாது.

பெர்த் விஷயத்தில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. இரண்டு பேர் போகும்போது சைடு லோயர், சைடு அப்பர்தான் சிறந்தது. எதிரில் இன்னொரு குடும்பம் உட்கார்ந்திருக்காது. தூக்கம் வரும்வரை கீழே எதிரும் புதிருமாகக் காலை நீட்டிப் பேசிக்கொண்டிருக்கலாம். ஏசி இரண்டாம் வகுப்பில் திரையும் இருக்கும். உயரமானவர்களுக்கு மட்டும் சைடு பெர்த் நீளம் பற்றாது.

ஆர்ஏசி வந்தாலும் உடனே ரத்து செய்யாதீர்கள். ஆர்ஏசியில் ஒரு சைடு லோயரை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். இருவரும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் பெரும்பாலும் அந்த இரண்டு பேர் நீங்களாகவே இருப்பீர்கள். ஒடுங்கி உட்கார வேண்டியிருக்குமே தவிர, பயணம் நிற்காது.

டிக்கெட் எடுக்க ஐஆர்சிடிசி தளம்தான், அதுவும் கம்ப்யூட்டரில். இடைத்தரகு ஆப்களின் சேவைக் கட்டணத்துக்கு எனக்கு மனசு வரவில்லை. ரயில் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பார்க்க ரயில்வேயின் சொந்த ஆப்பான என்டிஇஎஸ் போதும்.

ஞாயிறு இரவு ரயில் கிடைக்கவே இல்லையா? மதுரையில் பிற்பகல் கிளம்பும் தேஜஸ் இருக்கிறது, இரவே சென்னை வந்துவிடலாம். ஞாயிறு மாலை போய்விடும், ஆனால் வீட்டில் படுத்துத் தூங்கலாம். அதுவும் இல்லை என்றால் மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் இருந்து பஸ். அது பெரும்பாலும் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும். வடசென்னைக்காரர்கள் அங்கிருந்து வீடு போய்ச் சேரும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: பையை எங்கே வைப்பது?

மொத்தத் திட்டமும் இந்தப் படியில்தான் தொங்குகிறது. கார் இருப்பவர்கள் பையை டிக்கியில் போட்டுவிட்டு ஊர் சுற்றுவார்கள். நமக்கு ரூம்தான் டிக்கி. அந்த ரூம் எப்போது திறக்கும், எப்போது காலி செய்ய வேண்டும் என்பதைச் சரியாக அமைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

ரயில் விடியற்காலையில் விட்டுவிடும். பல ஓட்டல்களில் பகல் 12 மணிக்குத்தான் ரூம். இதற்குத் தீர்வு என்று எல்லோரும் சொல்வது, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி, டவுன்ஹால் ரோடு பக்கம் உள்ள 24 மணி நேர லாட்ஜ்கள். எந்த நேரத்தில் போனாலும் ரூம் தருவார்கள், அங்கிருந்து 24 மணி நேரம் உங்களுடையது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். சனி காலை 6 மணிக்கு ரூம் எடுத்தால் ஞாயிறு காலை 6 மணிக்குக் காலி செய்ய வேண்டும். ரயிலோ ஞாயிறு இரவு. விடுமுறை நாளில் விடியற்காலை எழுந்து மூட்டை கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு நாள் வாடகை கட்ட வேண்டும்.

ஆகவே, சீக்கிரம் வந்துவிட்டோம் என்பதற்காக சீக்கிரம் ரூம் எடுக்காதீர்கள். நாங்கள் செய்வது இது:

விடியற்காலை இறங்கியதும் பைகளை ரயில் நிலையத்தின் குளோக் ரூமில் கொடுத்துவிடுகிறோம். கையில் பயண டிக்கெட் இருக்க வேண்டும். பை பூட்டியிருக்க வேண்டும், பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள். முதுகுப் பையின் இரண்டு ஜிப் தலைகளிலும் சின்ன ஓட்டை இருக்கும். அந்த இரண்டையும் சேர்த்துக் கோர்க்கிற அளவுக்குக் குட்டிப் பூட்டு ஒன்றை சென்னையிலேயே வாங்கி, வீட்டிலேயே மாட்டிப் பாருங்கள். பெரிய பூட்டின் வளையம் அந்த ஓட்டையில் நுழையாது. ஆளுக்கு ஒரு முதுகுப் பை போதும். சக்கரம் வைத்த பெட்டியை மாசி வீதிக் கூட்டத்தில் இழுத்துக்கொண்டு போவது தண்டனை.

முகம் கழுவி உடை மாற்ற, மேல்வகுப்பு டிக்கெட் வைத்திருப்பவர்கள் அந்த வகுப்புக் காத்திருப்போர் அறையைப் பயன்படுத்தலாம். குளித்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போக வேண்டும் என்றால் ரயில் நிலையத்தின் ஓய்வறையை ஐஆர்சிடிசி வழியாக முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள். பிஎன்ஆர் எண் கேட்கும். உறுதியான டிக்கெட்டோ ஆர்ஏசியோ இருக்க வேண்டும்.

பிறகு கோயில், டிபன். 11, 12 மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு லாட்ஜுக்குப் போய் ரூம் எடுக்கிறோம். இப்போது அந்த 24 மணி நேரம் ஞாயிறு நண்பகல் வரை நீளும். ஒரு நாள் வாடகைதான். ஞாயிறு காலி செய்ததும் பைகளை ரிசப்ஷனில் வைத்துவிட்டு இரவு வந்து எடுத்துக்கொள்ளலாம். "செக்-அவுட் பண்ணின பிறகு நைட் எட்டு மணி வரைக்கும் பை வச்சுக்குவீங்களா?" என்று ரூம் பதிவு செய்யும்போதே போனில் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். மாட்டேன் என்றால் திரும்ப குளோக் ரூம்.

லாட்ஜ் தேர்வில் எனக்கு ஒரே விதிதான்: ரயில் நிலையத்தில் இருந்து நடந்து போகும் தூரம். மாட்டுத்தாவணிப் பக்கம் இன்னும் நல்ல ஓட்டல் கிடைத்தாலும் வேண்டாம். மதியம் ஒரு மணி நேரம் வந்து படுக்க முடியாத ரூம் நமக்கு உதவாது.

படி 4: சனிக்கிழமை

மதுரையின் பழைய ஊர் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கிறது. கோயில் மதிலுக்குள் ஆடி வீதிகள், வெளியே சித்திரை, ஆவணி மூலம், மாசி, கடைசியாக வெளி வீதிகள். 19ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்த இடத்தில்தான் வெளி வீதிகள் வந்தன. இந்த வரிசை மனதில் பதிந்துவிட்டால் மேப் அதிகம் தேவைப்படாது. வீதிப் பெயரைப் பார்த்தே உள்ளே போகிறோமா வெளியே போகிறோமா என்று தெரிந்துவிடும். ரயில் நிலையத்துக்கு எதிரே டவுன்ஹால் ரோட்டைப் பிடித்து நேரே நடந்தால் மேலக்கோபுரம் தெரியும்.

நடை காலை 5 மணிக்குத் திறந்து பகல் 12.30க்குச் சாத்துவார்கள், மறுபடி மாலை 4க்குத்தான். அதனால் கோயில் காலையிலேயே. அந்த நேரத்தில் வரிசையும் குறைவு, கல்லும் சுடாது.

உள்ளே செல்போன் கிடையாது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்த பிறகு கெடுபிடி அதிகம். வாசலில் போனைக் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். ஜோடியாகப் போகிறவர்கள் இரண்டு விஷயத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, டோக்கன் யாரிடம் இருக்கிறது. இன்னொன்று, கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது. நாங்கள் வைத்திருக்கும் இடம் பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டு. எந்த வாசலில் செருப்பும் போனும் விட்டீர்களோ அதே வாசலில் வெளியே வாருங்கள். தெற்கு வாசலில் விட்டுவிட்டு கிழக்கில் வெளியே வந்தால், பதினோரு மணி வெயிலில் சித்திரை வீதிக் கல்லில் வெறுங்காலோடு நடக்க வேண்டியிருக்கும்.

மதியம் தூங்குங்கள். நிஜமாகவே தூங்குங்கள், இரவு வேலை இருக்கிறது.

மாலை 4 மணிக்கு ஆட்டோ ஆப்பில் வண்டி பிடித்துக் காந்தி அருங்காட்சியகம். ராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த கட்டடம், 1959இல் நேரு திறந்து வைத்தது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணி அங்கே இருக்கிறது. அந்த அறைக்குள் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. அனுமதி இலவசம். சின்ன இடம்தானே என்று கடைசி அரை மணியில் போய் ஓடாதீர்கள்.

அங்கிருந்து திரும்பி மேலச்சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடை வெள்ளையப்பம். மல்லிகைப் பூவை வழியிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

இரவு மறுபடி கோயிலுக்குள் போங்கள். இதற்காகத்தான் மதியத் தூக்கம். பள்ளியறை பூஜைக்குச் சுந்தரேசுவரரின் பாதத்தைப் பல்லக்கில் வைத்து, வாத்தியத்தோடு மீனாட்சி சந்நிதிக்கு எழுந்தருளச் செய்வார்கள். பகல் கூட்டமெல்லாம் வடிந்திருக்கும். சாம்பிராணிப் புகைக்கு நடுவே பல்லக்கு பக்கத்தில் கடந்துபோகும். கணவன் மனைவியாக மதுரைக்குப் போய் இதைப் பார்க்காமல் வரக் கூடாது என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். அன்றைய நேரத்தைக் காலையிலேயே கோயிலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஞாயிற்றுக்கிழமை

காலையில் பெரியார் பேருந்து நிலையத்தில் இருந்து டவுன் பஸ்ஸில் திருப்பரங்குன்றம், 8 கிலோமீட்டர்தான். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, கணவருக்கு மட்டும் டிக்கெட். முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால் புதுமணத் தம்பதிகள் நிறைய வருவார்கள். பத்து மணிக்குள் திரும்பி, குளித்து, ரூமைக் காலி செய்யுங்கள்.

மதியம் அசைவக்காரர்களுக்கு சிம்மக்கல் கோனார் கடை கறி தோசை. அதன்மேல் வேறு எதையும் ஆர்டர் செய்யாதீர்கள், சாப்பிட முடியாது. பிறகு திருமலை நாயக்கர் மகால். 1636இல் கட்டியது, இன்று நிற்பது அதில் ஒரு பகுதிதான். அந்தத் தூணின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் மிச்சத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். வரும் வழியில் விளக்குத்தூணில் ஜிகர்தண்டா. ரயில் ஏறும் முன் நிலையத்துக்குப் பக்கத்தில் பிரேமா விலாஸ் அல்வா, சூடாக வாங்கி அங்கேயே சாப்பிடுங்கள், பார்சலும் கட்டிக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: நீங்கள் கேட்டவை

"கீழடியைச் சேர்க்க முடியுமா?" முடியும், திருப்பரங்குன்றத்துக்குப் பதிலாக. ஊரில் இருந்து 12 கிலோமீட்டர் வாக்கில். அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது, செட்டிநாட்டு வீட்டுப் பாணிக் கட்டடம். தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகளை அங்கே கிட்டத்தில் பார்க்கலாம். போக ஆட்டோ சுலபமாகக் கிடைக்கும். திரும்பி வருவதற்குத்தான் ஆப்பில் வண்டி வராது. போகும் ஆட்டோவையே காத்திருக்கச் சொல்லி, காத்திருப்புக் காசையும் ஏறும்முன் பேசி முடித்துவிடுங்கள்.

"கல்யாணமாகி ஒரு மாதம்தான் ஆகிறது, ஆதாரில் இருவருக்கும் வேறு வேறு முகவரி. லாட்ஜில் கேள்வி கேட்டார்கள்." இதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். இருவரும் அசல் அடையாள அட்டை எடுத்துப் போங்கள். கல்யாணப் பத்திரிகையின் போட்டோவோ பதிவுச் சான்றிதழோ போனில் இருக்கட்டும். திருமணம் ஆகாதவர்கள் போனில் நேரடியாகக் கேட்டு, சம்மதித்த இடத்தில் மட்டும் பணம் கட்டுங்கள். பெரியவர்கள் இருவர் சேர்ந்து தங்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் சனிக்கிழமை ரிசப்ஷனில் நின்று சட்டம் பேசினால் உங்கள் விடுமுறைதான் வீணாகும்.

எழும்பூரில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் சில ரயில்களை அவ்வப்போது தாம்பரத்தில் இருந்து இயக்குகிறார்கள். கிளம்பும் நாள் மத்தியானம் ரயில்வே எஸ்எம்எஸ்ஸையும் என்டிஇஎஸ்ஸையும் பார்த்துவிட்டே வீட்டை விட்டுப் புறப்படுங்கள். தென்சென்னைக்காரர்கள் ஏறும் இடத்தைத் தாம்பரம் என்றே போட்டு டிக்கெட் எடுத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை.