பட்டைக்குள் ஒளிந்த புழுவும் தேடிப்போகும் குளவியும்: எங்கே தவறுகிறோம்?

ஆஷ் மரங்களை அழித்துவரும் எமரால்ட் ஆஷ் போரர் வண்டு 2002-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் வட்டாரத்தில் கண்டறியப்பட்டது. அதன் தாயகம் வடகிழக்கு ஆசியா. அதன் புழு பட்டைக்கு அடியில் குடைந்து தின்று மரத்தைக் கொல்லும். அதற்கு எதிரியான, அந்தப் புழுவில் முட்டையிட்டு அதையே தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவிகளையும் ஆசியாவிலிருந்தே கொண்டுவந்து 2007 முதல் விடுகிறார்கள். விட்டால் போதும், மற்றதைக் குளவி பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பதில்தான் வம்பு ஆரம்பிக்கிறது.

அதிகம் நடக்கும் தவறு, பட்டையின் கனத்தை அளக்காமல் விடுவது. டெட்ராஸ்டிகஸ் பிளானிபென்னிசி என்ற குளவியின் முட்டையிடும் ஊசி 2 முதல் 2.5 மி.மீ. நீளம்தான். பட்டை 3.2 மி.மீ.க்கு மேல் தடித்துவிட்டால் அடியில் இருக்கும் புழுவை அது தொடுவதில்லை. மார்பளவு உயரத்தில் சுமார் 12 செ.மீ. விட்டத்தைத் தாண்டிய மரத்தின் அடித்தண்டில் அதை நம்பிப் பயனில்லை. இளங்கன்றுகளுக்கும் மெல்லிய தண்டுகளுக்கும்தான் அது காவல். பெரிய மரமென்றால் 2015-இல் அனுமதி பெற்ற ஸ்பாதியஸ் கலினே என்ற குளவி தேவை. ரஷ்யாவின் தூரக்கிழக்கிலிருந்து வந்த இதன் ஊசி 4 முதல் 6 மி.மீ. வரை நீளும். ஒரே காட்டில் சிறிதும் பெரிதுமாக மரங்கள் நின்றால் இரண்டையுமே விடுங்கள்.

அடுத்தது காலம். பெண் குளவி பட்டையின் மேல் உணர்கொம்புகளை ஓட்டிக்கொண்டே நடந்துவந்து, ஓரிடத்தில் சட்டென்று நின்று, வயிற்றை வளைத்து ஊசியை இறக்கும். அங்கே நிறுத்துவது பெரும்பாலும் புழு கடித்துத் தின்னும்போதும் நகரும்போதும் எழும் அதிர்வு. (தட்டி, எதிரொலியை வைத்து அசையாத கூட்டுப்புழுவைக்கூடக் கண்டுபிடிக்கும் குளவிகளும் உண்டு. பிம்ப்ளா அப்படிப்பட்டது. அந்த வித்தையை இவற்றிடம் எதிர்பார்க்க வேண்டாம்.) இலையுதிர்காலத்தில் முற்றிய புழு தீனியை நிறுத்தி, குடைந்த அறைக்குள் 'ஜே' எழுத்துப்போல் மடங்கிக் கிடக்கும். அப்போது விட்ட குளவிக்குத் துப்பே கிடைக்காது. பட்டையடியில் மூன்றாம், நான்காம் பருவப் புழுக்கள் தின்றுகொண்டிருக்கும்போது விடுவதுதான் சரி.

எமாமெக்டின் பென்சோயேட் என்ற பூச்சிக்கொல்லியை ஊசியாகப் போட்ட மரத்தில் விடுவதும் வீண். புழு செத்துவிட்டால் குளவி எதில் வளரும்? மருந்து போடும் மரங்களையும் குளவி விடும் மரங்களையும் முன்கூட்டியே பிரித்துக் குறித்துவையுங்கள். இடமும் முக்கியம். ஸ்பாதியஸ் அக்ரிலி என்ற இன்னொரு குளவி சீனாவின் தியான்ஜின் பக்கத்து இனம். அதை 40-ஆம் அட்சரேகைக்கு வடக்கே விட்டால் நிலைப்பது கடினம்.

பலன் பார்க்கும்போதும் அவசரம் கூடாது. கோடரியால் பட்டையைப் பிளந்தால் தடயமும் சேர்ந்து நொறுங்கும். குளிர்காலத்தில் மரத்தை வெட்டி, இருகைப்பிடி இழைகத்தியால் மெல்லிய சீவலாக எடுங்கள். வண்டுப்புழுவின் தோலுக்குள்ளேயே வெள்ளைக் குருணைபோல் பல குளவிப்புழுக்கள் அடைந்திருந்தால் அது டெட்ராஸ்டிகஸ். சுரங்கத்தில் பட்டுக்கூடுகள் ஒட்டிக் கிடந்தால் ஸ்பாதியஸ். பட்டைமேல் ஆங்கில 'D' எழுத்து வடிவ ஓட்டையைக் கண்டு குளவி வெளியேறிய வழி என்று எழுதிவிடாதீர்கள். அது வண்டு வெளியேறிய வழி. குளவி போட்ட ஓட்டை சிறியது, வட்டமானது.