கட்டத்தை நம்பாதீர்கள், மீற்றரைப் பாருங்கள்: பழைய லீஃப் பற்றரியை வீட்டிலேயே அளப்பது எப்படி?

போன மாதம் கல்முனையிலிருந்து சித்தி மகன் போன் எடுத்தான். ஆசைப்பட்டு வாங்கிய பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார், 2014ஆம் ஆண்டு வண்டி. "அண்ணே, பன்னிரண்டில பத்துக் கட்டம் காட்டுது. அப்படியெண்டா எண்பத்திமூண்டு வீதம் இருக்குத்தானே? ஆனா மட்டக்களப்புக்கு வந்து திரும்பினா மருதமுனையிலேயே பற்றரி லைட் எரியுது."

அவன் போட்ட கணக்கில் பிழையில்லை, கட்டத்தில்தான் பிழை. அன்று அவனுக்குப் போனில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன். தேவையானவை ஒரு கொப்பி, ஒரு பேனை, உங்கள் வீட்டுக் கரண்ட் மீற்றர். 24 யூனிட் (கிலோவாட் மணி) பற்றரி உள்ள லீஃபை வைத்தே சொல்கிறேன். நமது பக்கம் ஓடும் பழைய மின்சாரக் கார்களில் அதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

முதல் படி: கட்டத்தை எண்ணுங்கள், ஆனால் நம்பாதீர்கள்

டாஷ்போர்டின் வலது பக்கம் சார்ஜைக் காட்டும் பெரிய கட்டங்கள் இருக்கும். அவற்றுக்குப் பக்கத்தில், ஓரமாகச் சின்னச் சின்னதாய் இன்னொரு 12 கட்டம் இருக்கும். பற்றரியின் கொள்ளளவைச் சொல்வது அந்தச் சின்னக் கட்டங்கள்தான். அவை எல்லாம் ஒரே அளவானவை அல்ல. முதல் கட்டம் விழுவதற்கே சுமார் 15 வீதம் குறைய வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 வீதத்துக்கு ஒருக்கா விழும். ஆகவே பத்துக் கட்டம் என்றால் பற்றரி 79க்கும் 72க்கும் இடையில் எங்கோ நிற்கிறது. 83 இல்லை.

இன்னொரு கள்ளமும் உண்டு. பற்றரியைக் கண்காணிக்கும் கம்பியூட்டரை ரீசெட் பண்ணினால் கட்டம் பன்னிரண்டும் திரும்ப எரியும். சில கிழமை ஓடியதும் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். அதற்குள் விற்றவர் காசோடு போயிருப்பார். பத்து வருடம் தாண்டிய வண்டியில் பன்னிரண்டு கட்டம் கண்டால் சந்தோசப்படாமல் சந்தேகப்படுங்கள்.

இரண்டாம் படி: போனில் ஒரு எட்டிப் பார்வை

ஸ்டியரிங்கின் கீழே, மெக்கானிக்மார் காரின் கம்பியூட்டரைப் படிக்கக் குத்தும் ஓபிடி சொக்கெற் இருக்கும். அதில் புளூடூத் டொங்கிள் என்ற சின்னக் கருவியைக் குத்தி, லீஃப் ஸ்பை ஆப்பைத் திறந்தால் எஸ்.ஓ.எச். என்று ஒரு வீதம் வரும். அதுவே பற்றரியின் ஆரோக்கியம் என்று கார் நினைக்கும் எண். ஆனால் அதுவும் அதே கம்பியூட்டர் சொல்வதுதானே? அதனால் நான் முதலில் பார்ப்பது இன்னொரு பக்கத்தை. அதில் 96 கோடுகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றும் ஒரு சோடி செல். சார்ஜ் குறைந்திருக்கும்போது பாருங்கள். எல்லாக் கோடும் ஏறத்தாழ ஒரே உயரமென்றால் நல்லது. ஒன்றிரண்டு மட்டும் பள்ளத்தில் கிடந்தால் வண்டி நிற்கும் இடத்தை அவைதான் தீர்மானிக்கும். மற்ற தொண்ணூறும் பலமாக இருந்தும் பிரயோசனமில்லை.

டொங்கிள் இல்லையா, பரவாயில்லை. அடுத்த படிதான் முக்கியம்.

மூன்றாம் படி: ஓடிக் காட்டு, குடித்துக் காட்டு

இரண்டு இரவும் ஒரு பகலும் வேண்டும்.

முதல் இரவு காரைச் சார்ஜில் போடாதீர்கள். பத்து மணிக்கு மீற்றரைப் பார்த்து எழுதுங்கள், விடிய நாலு மணிக்குத் திரும்ப எழுதுங்கள். பிரிட்ஜும் மின்விசிறியும் அந்த ஆறு மணித்தியாலத்தில் எவ்வளவு தின்கின்றன என்று தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் 2 யூனிட்.

அப்புறம் காரை 100 வீதம் வரை நிரப்பிக்கொண்டு, ஏசி போடாமல், ஒரே சீரான வேகத்தில் ஓடுங்கள். இதற்கு நமது கடற்கரை வீதியை விட நல்ல பாதை கிடைக்காது. கல்லடியிலிருந்து காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி வழியாகக் கல்முனை வரை மேடு பள்ளமே இல்லை, போய்வர 80 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் வேண்டாம், நெரிசலில் கணக்குக் குழம்பும். டாஷ்போர்டில் 20 வீதம் காட்டும்போது வீட்டு வாசலில் நிற்பதுபோலப் பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் 40 வீதத்திலிருந்து திடீரென 25க்கு விழுந்தால், நான் மேலே சொன்ன ரீசெட் வேலை நடந்திருக்கலாம். அப்படியானால் கீழே வரும் கணக்கும் பிழைக்கும்.

இரண்டாம் இரவு பத்து மணிக்கு மீற்றரை எழுதிவிட்டுக் காரைச் சார்ஜில் போடுங்கள். 15 அம்பியர் பிளக் என்றால் சுமார் ஐந்து மணித்தியாலம் போகும். எர்த் சரியாக இருக்கிறதா என்று வயரிங் தெரிந்தவரிடம் ஒருக்காக் காட்டிவிடுங்கள். நீட்டு வயர் போட்டு இழுக்கவே வேண்டாம். முதல் தடவை நான் இதைச் செய்தபோது விடிய மூன்று மணிக்கு அம்மா எழும்பித் தண்ணி மோட்டரைப் போட்டுவிட்டார். முழுக் கணக்கும் வீண். வீட்டாருக்கு முதலே சொல்லிவையுங்கள்.

விடிய நாலு மணிக்கு மீற்றரில் 17 யூனிட் கூடியிருக்கிறது என்று வையுங்கள். அதில் வீட்டின் 2ஐக் கழித்தால் கார் குடித்தது 15. ஆனால் எல்லாமே பற்றரிக்குள் போவதில்லை, சார்ஜர் சூடாவதில் ஒரு பங்கு போய்விடும். 0.85ஆல் பெருக்குங்கள்: 12.75. இது 20 முதல் 100 வரையான 80 வீதத்துக்கு உரியது, ஆகவே 0.8ஆல் பிரியுங்கள்: ஏறத்தாழ 15.9 யூனிட். பெயருக்கு 24 என்றாலும் புது வண்டியில் பாவிக்கக்கூடியது ஏறத்தாழ 21.5 தான். 15.9ஐ 21.5ஆல் பிரித்தால் 74 வீதம். ஆய்வுகூட அளவு துல்லியம் இதில் இல்லை, ஓரிரண்டு வீதம் முன்பின் வரலாம். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அளந்தால் அதுவே போதும்.

நான்காம் படி: இனிக் குறைவதை மெதுவாக்குதல்

போனது திரும்பாது. ஏன் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். செல்லுக்குள் லிதியம் இரண்டு பக்கமும் போய்வருவதால்தான் கரண்ட் கிடைக்கிறது. காலப்போக்கில் கிராஃபைட் பக்கத்தில் ஒரு மெல்லிய படலம் தடிக்கிறது, லிதியத்தில் ஒரு பகுதி அதில் சிக்கிவிடுகிறது. சோறு அடிப்பிடிப்பது போலத்தான். பானையில் பிடித்தது பந்திக்கு வராது, அடுப்பு எரிய எரிய இன்னும் பிடிக்கும்.

அந்த அடுப்பு நமக்கு வெயில்தான். இந்தப் பழைய லீஃபின் பற்றரிக்குத் தண்ணீரால் குளிரூட்டும் வசதி கிடையாது. 2012இல் அமெரிக்காவின் அரிசோனாவில், வெயில் கொளுத்தும் இடத்தில், லீஃப் வைத்திருந்தவர்கள் கட்டம் விழுகிறது என்று முறையிட்டதும் இதனால்தான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மத்தியானம் வெட்டவெளியில் நிறுத்தாதீர்கள். வேம்பு, வாகை நிழல் நல்லது. தென்னையின் கீழ் நிறுத்தினால் பற்றரி தப்பும், கண்ணாடி தப்பாது.

வெயிலும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் கேடு இரட்டிப்பு. ஊருக்குள் ஓடுவதற்கு 80 வீதம் தாராளம். தூரப் பயணம் இருந்தால் புறப்படும் நேரத்துக்கு நிரம்புவதுபோல 100 வரை போடுங்கள், நிரப்பிவிட்டு இரண்டு நாள் நிறுத்திவைக்காதீர்கள். ஓடி வந்த சூட்டோடு உடனே சார்ஜில் போடாமல், இரவு கொஞ்சம் ஆறவிட்டுப் போடுவது என் பழக்கம்.

2025இல் வாகன இறக்குமதி திறந்த பிறகு வந்த சீனாவின் பிவைடி போன்ற பல வண்டிகளில் இருப்பது எல்.எஃப்.பி. (லிதியம் இரும்பு பொஸ்பேற்) வகைப் பற்றரி. அதன் குணம் வேறு. இடைக்கிடை 100 வரை நிரப்பினால்தான் அதன் வீதக் கணக்குச் சரியாக நிற்கும். ஆகவே லீஃபுக்குச் சொன்ன 80 வீத விதியை அதில் கண்மூடிப் பின்பற்றாமல், வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: வண்டிக்கு அடியில் செம்மஞ்சள் நிற வயர் கண்டால் கை வைக்க வேண்டாம். அதில் ஓடுவது 400 வோல்ட்டுக்குக் கிட்ட.

தம்பியும் அளந்துவிட்டான். அவனுடைய கொப்பியின் முதல் வரி: "15 யூனிட், ஏசி இல்லை, 74." இரண்டாம் வரியைக் கச்சான் ஓய்ந்து, ஐப்பசி மழைக்கு முன்னர் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறான். அதுவரைக்கும் மட்டக்களப்புக்கு வரும்போது எங்கள் வீட்டுப் பிளக்கில் ஒரு மணித்தியாலம் போட்டுவிட்டுத்தான் திரும்புகிறான்.