சிகரெட்டை விட்டவர் விமானம் ஏறும் முன்

வேலூரிலிருந்து சென்னை விமான நிலையம் சுமார் மூன்று மணி நேரம். விமானத்தில் எப்படியும் சிகரெட் பிடிக்க முடியாது. வழியில் வாலாஜா பக்கம் டிரைவர் வண்டியை ஓரம்கட்டும் டீக்கடைதான் கண்டம். சிகரெட் ஏக்கத்தைத் தணிக்கிற நிகோடின் சூயிங்கம் பெட்டிக்குள் போகாமல் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். சாதா சூயிங்கம் போல விடாமல் மெல்லக் கூடாது. சுருக்கென்று காரம் ஏறியதும், வெற்றிலையை ஒதுக்குகிற மாதிரி கன்னத்தில் ஒதுக்கிவிடுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லலாம். டீ, காபி குடித்தால் 15 நிமிடம் கழித்தே வாயில் போடுங்கள், இல்லாவிட்டால் சரியாக வேலை செய்யாது.

அப்புறம், சிங்கப்பூர் போகிறவர்கள் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள், அங்கே சூயிங்கத்துக்கே கெடுபிடி. இ-சிகரெட்டுக்கு அங்கேயும் தடை, இங்கேயும் 2019 முதல் தடை. "வரும்போது ஒரு கார்ட்டன் சிகரெட் வாங்கிட்டு வாப்பா" என்கிற மாமாவுக்குச் சாக்லேட் போதும்.