பெரு முதல் தடவை போறீங்களா? கிளம்பறதுக்கு முன்னாடியே பண்ற தப்புகள்

சவுத் அமெரிக்கா போறோம்னு முடிவான உடனே நம்ம ஆளுங்க பண்ற முதல் வேலை லிஸ்ட் போடறது. பெருவுல மலை மேல இருக்கற பழைய இன்கா நகரம் மாச்சு பிச்சு, ரியோ, இகுவாசு அருவி, அர்ஜென்டினா பக்கம் பனிப்பாறை, முடிஞ்சா பொலிவியா உப்புப் பாலைவனம், எல்லாம் பன்னெண்டு நாள்ல. மேப்ல எல்லாம் பக்கத்து பக்கத்துல தான் தெரியும், ஆனா அந்த கண்டம் இந்தியாவை விட அஞ்சு மடங்கு பெருசு. ஒரே நாட்டுக்குள்ள, பெரு தலைநகர் லிமாலேர்ந்து மாச்சு பிச்சு பக்கத்து மலை ஊரான குஸ்கோவுக்கு ஃப்ளைட்ல ஒன்றரை மணி நேரம் கூட இல்ல, அதையே பஸ்ல போனா மலையை சுத்தி சுத்தி இருபது மணி நேரத்துக்கு மேல ஆகும். முதல் தடவைக்கு ஒரு நாடு போதும், என்னைக் கேட்டா பெரு. அங்க போறவங்க பண்ற தப்புல முக்கால்வாசி லிமால இறங்கறதுக்கு முன்னாடியே, வீட்ல லேப்டாப் முன்னாடியே நடந்து முடிஞ்சிருக்கும்.

பெரிய தப்பு மஞ்சள் காய்ச்சல் ஊசி. "நாங்க அமேசான் காட்டுக்கே போகல, லிமா குஸ்கோ மட்டும் தான், எதுக்கு ஊசி"ன்னு விட்டுடறாங்க. பெருக்காரங்க உங்களை கேக்காம விடலாம், ஆனா கேள்வி வர்றது திரும்பி இந்தியா வரும்போது. நம்ம அரசாங்கம் மஞ்சள் காய்ச்சல் இருக்கற நாடுகள் லிஸ்ட்ல பெருவை வெச்சிருக்கு, நீங்க காட்டுக்கு போனீங்களா மலைக்கு போனீங்களான்னு பாக்க மாட்டாங்க, ஊசி போட்டதுக்கான கார்டு இல்லன்னா ஆறு நாள் வரைக்கும் தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டு பத்து நாள் கழிச்சு தான் கார்டு செல்லுபடி ஆகும், அதனால கிளம்பற வாரம் ஓடறதுல பிரயோஜனம் இல்ல. அங்கீகாரம் உள்ள சென்டர்ல தான் போடணும், தெருமுனை கிளினிக் சீட்டு எல்லாம் செல்லாது. சென்னைன்னா கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், இல்லன்னா துறைமுக சுகாதார அலுவலகம். ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் அந்த கார்டு போதும். வீட்ல அறுபது தாண்டினவங்க, முட்டை அலர்ஜி இருக்கறவங்க டாக்டரை கேட்டுட்டு போடுங்க.

அடுத்தது விசா. அமெரிக்கா, ஷெங்கன், யூகே மாதிரி விசா ஆறு மாசத்துக்கு குறையாம செல்லுபடியா கையில இருந்தா இந்தியர்களுக்கு பெரு டூரிஸ்ட் விசா தனியா தேவையில்ல, ஆனா கிளம்பறதுக்கு முன்னாடி டெல்லில இருக்கற பெரு தூதரக தளத்துல ஒரு தடவை பாத்துடுங்க. இதெல்லாம் விசாரிக்கறவங்க கூட டிரான்சிட்டை மறந்துடுவாங்க. இந்தியாலேர்ந்து லிமாவுக்கு நேரடி ஃப்ளைட் கிடையாது. எதோ சைட்ல அமெரிக்கா வழியா டிக்கெட் சீப்பா வந்துச்சுன்னு புக் பண்ணிட்டா, ஏர்போர்ட்டை விட்டு வெளிய வராட்டியும் அமெரிக்க விசா வேணும். ஐரோப்பா வழின்னா நாட்டுக்கு நாடு ரூல் மாறும், டிக்கெட் போடறதுக்கு முன்னாடி பாருங்க.

நம்ம பேர் ஒரு தனி தலைவலி. இனிஷியல் வெச்சுக்கற பழக்கத்துல பாஸ்போர்ட்ல சிலருக்கு சர்நேம் கட்டமே காலியா இருக்கும், சிலருக்கு அப்பா பேர் அங்க போய் உக்காந்திருக்கும். ஃப்ளைட்ல ஒரு மாதிரி, மாச்சு பிச்சு போற ரயில்ல ஒரு மாதிரி, மாச்சு பிச்சு டிக்கெட்ல இன்னொரு மாதிரின்னு போட்டா கேட்ல நின்னு விளக்கம் சொல்லணும், அதுவும் ஸ்பானிஷ்ல. பாஸ்போர்ட்ல எப்படியோ அப்படியே எல்லாத்துலயும் ஒரே மாதிரி போடுங்க. மாச்சு பிச்சு வாசல்ல ஒரிஜினல் பாஸ்போர்ட் கேப்பாங்க, ஹோட்டல் லாக்கர்ல வெச்சுட்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு போகாதீங்க.

அந்த டிக்கெட்டும் நம்ம மகாபலிபுரம் மாதிரி போய் கவுண்டர்ல வாங்கிக்கலாம்னு நினைக்கக்கூடாது. ஒரு நாளைக்கு இத்தனை பேர்னு கணக்கு, நேரம் போட்டு டிக்கெட், உள்ள சுத்திப் பாக்க மூணு சர்க்யூட், அதாவது தனித்தனி பாதை. எல்லா போஸ்டர்லயும் வர்ற அந்த மேல இருந்து எடுத்த போட்டோ வேணும்னா சர்க்யூட் ஒண்ணோ ரெண்டோ எடுக்கணும், ரெண்டுல கீழ இறங்கி ஊருக்குள்ளயும் நடக்கலாம். கிடைச்சதை வாங்குவோம்னு மூணை எடுத்தவங்க அந்த போட்டோ இல்லாம திரும்பி வந்து புலம்புவாங்க. உள்ள பாத்ரூம் கிடையாது, வெளிய வந்துட்டா மறுபடி விடமாட்டாங்க, சின்ன பசங்களோட போறவங்க இதை மனசுல வெச்சுக்கோங்க. மாச்சு பிச்சுவுக்கு நடந்தே போற மலைப்பாதையான இன்கா டிரெயில் நடக்கணும்னா பர்மிட் நாளைக்கு 500 தான், அதுல கைடு, சுமை தூக்கறவங்களும் சேர்த்தி, பிப்ரவரில பாதையே மூடிடுவாங்க.

இப்ப உசரம். எல்லாரும் மாச்சு பிச்சுவுக்கு பயப்படுவாங்க, அது சுமார் 2,430 மீட்டர், நம்ம தொட்டபெட்டாவை விட கம்மி. ஆள சாய்க்கறது குஸ்கோ, 3,400 மீட்டர். கடல் மட்டத்துல இருக்கற லிமாலேர்ந்து ஃப்ளைட்ல நேரா அங்க இறங்கினா, லக்கேஜை தூக்கிட்டு ஹோட்டல் மாடிப்படி ஏறும்போதே மூச்சு வாங்கும், ராத்திரி தலைவலி, தூக்கம் வராது, சாப்பாட்டை பாத்தாலே குமட்டும். நம்ம ஊருக்கும் பெருவுக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம் வேற, அந்த அசதியும் சேரும். குஸ்கோ ஏர்போர்ட்லேர்ந்து நேரா கார் புடிச்சு புனிதப் பள்ளத்தாக்குல உருபம்பாவுக்கோ ஒல்லாண்டைதாம்போவுக்கோ இறங்கிடுங்க, அது ஐநூறு அறுநூறு மீட்டர் கீழ. அங்க ரெண்டு ராத்திரி தங்கி, மாச்சு பிச்சு முடிச்சுட்டு கடைசில குஸ்கோவுக்கு வாங்க. வந்த மறுநாளே ஐயாயிரம் மீட்டருக்கு மேல இருக்கற ரெயின்போ மலைக்கு கூட்டிட்டு போற பேக்கேஜ் எல்லாம் வித்துட்டு தான் இருக்காங்க, வாங்காதீங்க. உசரத்தால வர்ற தொந்தரவுக்கு போடற டயமாக்ஸ் மாத்திரையை பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்னு போடாதீங்க, சல்ஃபா அலர்ஜி இருந்தா சிக்கல், டாக்டர் சொல்லணும்.

ஹோட்டல்ல கோக்கா இலை டீ குடுப்பாங்க, அங்க அது சட்டப்படி சரி, தாராளமா குடிங்க. ஆனா சூப்பர் மார்க்கெட்ல அழகா டீ பேக்கா விக்கறாங்களே, ஆபீஸ்ல குடுக்கலாம்னு பத்து பாக்கெட் பெட்டில போட்டீங்கன்னா மாட்டினீங்க. இந்தியால கோக்கா இலை போதைப்பொருள் சட்டத்துல வருது. கிஃப்டுக்கு சாக்லேட் வாங்குங்க.

சீசன் தலைகீழ். நமக்கு மே மாசம் கொளுத்தும், அங்க குஸ்கோ பக்கம் மழை விட்டு வானம் தெளிஞ்சிருக்கும், ஸ்கூல் லீவோட பொருந்தி வர்றது அது ஒண்ணு தான் நமக்கு லாபம். ஜூன் ஜூலைல பகல்ல வெயில் சுள்ளுனு, ராத்திரி பூஜ்யத்துகிட்ட. அதே சமயம் லிமால பனிமூட்டம், கடல் சாம்பல் கலர்ல, போட்டோ ஒண்ணும் தேறாது.

சைவக்காரங்களுக்கு: காய்கறி சூப்னு எழுதியிருந்தாலும் கோழி வேகவெச்ச தண்ணியா இருக்கும், கேட்டுட்டு சாப்பிடுங்க. சீஸ், மஞ்சள் மிளகாய் சாஸ் ஊத்தின உருளைக்கிழங்கு, சிஃபான்னு சொல்ற சைனீஸ் ஓட்டல்ல முட்டை போடாம வறுத்த சாதம், இது ரெண்டும் இருந்தா ஓட்டிடலாம். குழாய்த் தண்ணி வேண்டாம். டாலர் எடுத்துட்டு போனா மொடமொடன்னு இருக்கணும், ஓரத்துல நகக்கண் அளவு கிழிசல் இருந்தாலும் மாத்தறவர் வெளிச்சத்துல தூக்கி பாத்துட்டு திருப்பி குடுத்துடுவார். அங்கத்து பணம் சோல், 200 சோல் நோட்டை டாக்சிக்காரர்கிட்ட நீட்டினா சில்லறை இருக்காது.

கடைசியா, குஸ்கோலேர்ந்து லிமா வர்ற ஃப்ளைட்டும் ஊருக்கு கிளம்பற ஃப்ளைட்டும் ஒரே நாள்ல வேண்டாம். மழை, மூட்டம்னா குஸ்கோ ஃப்ளைட் தள்ளிப்போகும், அப்பப்ப மறியல் வேற, 2023 ஜனவரில போராட்டத்துல ரயில் நின்னு மாச்சு பிச்சுவையே மூடிட்டாங்க, நூத்துக்கணக்கான டூரிஸ்ட் அங்கயே மாட்டிக்கிட்டாங்க. நடுவுல லிமால ஒரு ராத்திரி வெச்சுக்கோங்க, எல்லாம் நேரத்துக்கு நடந்தா மிராஃப்ளோரஸ் கடற்கரை மேட்டுல மத்தியானம் செவிச்சே (எலுமிச்சை சாறுல ஊறின பச்சை மீன்) சாப்பிட்டுட்டு சாவகாசமா ஏர்போர்ட் போங்க, டிராஃபிக்குக்கு ரெண்டு மணி நேரம் எக்ஸ்ட்ரா வெச்சுட்டு.