மட்டக்களப்புக்குப் புதிதாக வந்தவர் யாரிடம் எப்படிப் பேசுவது?

மட்டக்களப்புக்கோ, அக்கரைப்பற்று, திருக்கோவில் போன்ற அம்பாறைக் கரையோர ஊர்களுக்கோ இடமாற்றம் பெற்று வருபவர் முதலில் பழக வேண்டியது 'கா' என்னும் ஓரெழுத்து. 'மறுகா' என்றால் 'பிறகு' என்பது அரை நாளில் விளங்கிவிடும். 'என்னகா', 'வாகா' என்று சொல்லின் ஈற்றில் ஒட்டிக்கொள்ளும் இந்தக் 'கா' அவ்வளவு எளிதன்று. ஒத்த வயதினர் தமக்குள்ளும், மூத்தவர் இளையவரிடமும் உரிமையோடு சொல்வது அது. ஆகவே அயல்வீட்டு மூதாட்டி 'என்னகா மனே' (மகனே) என்று அழைத்தால் மகிழுங்கள். ஆனால் அதே 'கா'வை அவரிடம் திருப்பிச் சொல்லாமல், 'ஓம் பெத்தா' (ஆம் பாட்டி) என்று முறை சொல்லிப் பதிலளியுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர் 'நீர்' என்பதைச் சற்று ஒதுக்கிவைப்பது நல்லது. அங்கே நடுத்தர மரியாதையாக ஒலிக்கும் அச்சொல், இங்கே வீட்டு முற்றத்தில் விலகி நின்று பேசுவதுபோல் படக்கூடும். ஐயம் வந்தால் 'நீங்க' போதும்.

முறைப்பெயரில்தான் மிகுந்த கவனம் வேண்டும். காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் உங்களைவிட மூத்த முஸ்லிம் கடைக்காரரைக் 'காக்கா' என்றும், மூத்த பெண்ணை 'ராத்தா' என்றும் அழைக்கலாம். தமிழ் வீடுகளில் அண்ணன், அக்கா. 'மச்சான்' நண்பர்களுக்குள் தாராளமாகப் புழங்கினாலும், 'மச்சி' மணமுடிக்கும் முறையைக் குறிப்பதால், அறிமுகமற்ற பெண்ணிடம் அதை வேடிக்கைக்கும் சொல்லக்கூடாது. திருமணமான ஆண் மனைவியின் வீட்டில் குடியேறும் வழக்கம் இப்பகுதியில் வலுவானது என்பதால், ஒரே கூரையின் கீழ் மாமியும் மருமகனும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று சில நாள் கேட்டாலே, அளந்த மரியாதைப் பேச்சு எது என்று புரிந்துவிடும்.

மட்டக்களப்புப் பேச்சு எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கியது என்று செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலபில் கருதினார். அதை நம்பிக்கொண்டு சந்தையில் செந்தமிழ் பேசினால் மீன்காரரே சிரிப்பார். பிரதேச செயலகத்தில் 'சேர்', 'மிஸ்' என்பவையே வழக்கம். கிராம அலுவலரை இளையோர் 'ஜீஎஸ்' (கிராம சேவகர் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள்) என்பர். அதற்கு முன்பிருந்த ஊர்த்தலைமைப் பதவியான விதானைப் பதவி 1963இல் ஒழிந்த பின்னும் 'விதானையார்' என்று சொல்லும் முதியவரைத் திருத்தப் போகாதீர்கள். கோயில் நிருவாகியை 'வண்ணக்கர்' என்றும், வயற்சொந்தக்காரரைப் 'போடியார்' என்றும் குறிப்பிடுங்கள்; பெயரை மட்டும் சொன்னால் கேட்பவர் முகம் மாறும்.