துக்க வீட்டில் தொடங்கும் காதல் கதையை எழுதுவது எப்படி?

முதலில் இறந்தவர் யார் என்று முடிவு செய்யுங்கள். காதலர்கள் அப்புறம். நிறையப் பேர் ஒரு பெண்ணையும் பையனையும் யோசித்து, நடுவில் சாதியை வைத்து, சோகம் போதவில்லை என்று ஓர் அப்பாவைச் சாகடித்துவிடுகிறார்கள், அவரும் இரண்டாம் அத்தியாயத்துக்குள் காணாமல் போகிறார். அவர் மகளை என்ன சொல்லிக் கூப்பிட்டார், டீயில் எவ்வளவு சர்க்கரை போட்டுக்கொண்டார் என்பது உங்களுக்குத் தெரியாவிட்டால் அவளுடைய துக்கமும் உங்களுக்குத் தெரியாது.

ஓர் உதாரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவோம். மலர், கல்லூரி முதலாம் ஆண்டு. அப்பா இறந்த மறுநாள் காலை தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர். வழக்கமாக எல்லாப் பேனரிலும் வரும் நாலு வரி அதில் இல்லை. "சைக்கிள் மணி கேட்டால் இன்னும் கதவைத் திறக்கிறோம்" என்று ஒரே வரி. அப்பா வாசலில் இரண்டு முறை மணி அடிப்பார் என்பது ஃபிளெக்ஸ் கடைக்கு எப்படித் தெரியும்? ராத்திரி போட்டோ கொடுக்கப் போன அண்ணன், கடைப் பையன் கதிரிடம் அழுதுகொண்டே சொன்னது. மலர் அவனைத் தேடிப் போகிறாள். அவன் எந்தத் தெரு என்பது ஊருக்கே தெரியும்.

துக்கத்தை எழுத புறநானூற்றின் 112ஆம் பாட்டைப் படியுங்கள். பாரி இறந்தபின் அவன் மகள்கள் பாடியது, ஐந்தே வரி. அன்றைய நிலவில் எங்களுக்குத் தந்தை இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இன்றைய நிலவில் வேந்தர்கள் குன்றைக் கொண்டார்கள், தந்தையும் இல்லை. அவ்வளவுதான். அழுதோம் என்று ஒரு சொல் கிடையாது. நிலா மட்டும் அப்படியே இருக்கிறது, அதனாலேயே நெஞ்சு வலிக்கிறது. உங்கள் கதையிலும் மாறாத ஒரு பொருளைப் பிடியுங்கள். அப்பா போனில் 28 நாள் ரீசார்ஜ் முடிகிறது. அம்மா பருப்பைக் கடைந்தபடியே, "அப்பா நம்பருக்குப் போட்டு விட்ரு" என்கிறாள். அண்ணன் போடுகிறான். இதற்குக் கீழே விளக்கம் எழுதாதீர்கள், தயவுசெய்து.

தடைக்கு வருவோம். ஊருக்குத் தெரியாமல் காதலிக்கும் களவு, ஊர்வாய் பேசும் அலர், பெண்ணை வீட்டுக்குள் அடைக்கும் இற்செறிப்பு, தோழி உண்மையைச் சொல்லும் அறத்தொடு நிற்றல், காதலனோடு ஊரைவிட்டுப் போகும் உடன்போக்கு என்று சங்கக் காதல் பாட்டுகளின் அகத்துறைகளிலேயே முழுக் கதைப்போக்கும் இருக்கிறது. இன்றைக்கு அலர் என்றால் பக்கத்து வீட்டு அத்தை "உங்க பொண்ண பஸ் ஸ்டாண்டுல பாத்தேன்" என்று சொல்வது. இற்செறிப்பு என்றால் போனைப் பிடுங்கிவிட்டு அண்ணனே வண்டியில் கல்லூரி வாசல்வரை கொண்டுவிடுவது.

ஆனால் அண்ணனை வில்லனாக்கிவிடாதீர்கள். இந்தக் கதையின் உயிர் அவனிடம்தான் இருக்கிறது. "அப்பா இருந்திருந்தா இது நடக்குமா?" என்று அவன் கேட்கும் இடத்தில் துக்கமே தடையாகிவிடுகிறது. அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று மலருக்கு நிஜமாகவே தெரியாது, இனி கேட்கவும் முடியாது. உயிரோடு இருக்கும் அப்பாவிடம் சண்டை போடலாம், செத்துப்போனவரிடம் எப்படிப் போடுவது? இந்தக் காட்சிக்கு எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், அவசரமே வேண்டாம்.

பதிவுத் திருமணம் என்று எழுதுவதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 முடிந்திருக்க வேண்டும். 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு, அதை அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி ஒட்டுவார்கள். கதிருக்கு 19 வயது என்றால் அந்த வழி அடைபட்டுவிட்டது. ஆணவக்கொலையை அதிர்ச்சிக்காக மட்டும் வைக்காதீர்கள். படிப்பவர்களில் இதே பயத்தோடு தூங்கப் போகிற பெண்ணும் இருப்பாள்.

கவிதை பதினெட்டு வயதின் கவிதையாக இருக்கட்டும். முதலில் சினிமாப் பாட்டுச் சாயல், நிறைய அடித்தல் திருத்தல், போகப்போக எளிமை. செம்மண்ணில் மழைநீர்போல நெஞ்சங்கள் கலந்தன என்னும் குறுந்தொகையின் செம்புலப் பெயல்நீரை விட்டுவிடுங்கள், அது கல்யாணப் பத்திரிகை வரைக்கும் வந்துவிட்டது. அதைவிட, அகப்பாட்டில் தலைவன் தலைவிக்குப் பெயர் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் வைத்த விதியை எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே நோட்டில் பெயரில்லாமல் எழுதுகிறார்கள். ஒருநாள் அண்ணன் அந்த நோட்டைத் திறக்கிறான். யார் யாருக்கு எழுதியது என்று அவனுக்குப் புரியவில்லை, ஆனால் ஒரு பக்கத்தில் சைக்கிள் மணி இருக்கிறது. அந்தப் பக்கத்தை அவன் திரும்பத் திரும்பப் படிக்கிறான்.

முடிவை முதலாம் ஆண்டு நினைவஞ்சலியில் வையுங்கள். இந்த முறை பேனருக்கான வரியை மலர் எழுதித் தருகிறாள். அண்ணன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறான். ஊரில் இரண்டு ஃபிளெக்ஸ் கடை இருக்கிறது. அவன் கதிர் இருக்கும் கடை முன்னால் வண்டியை நிறுத்துகிறான்.